மூச்சை முதன்முதலாகக் கவனித்த நாள்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

செய்முறைக்கூடம்:

உடலியக்கவியல் செய்முறை வகுப்புகளைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறேன். ஆயினும் மூச்சைப் பற்றிய என் முதல் உண்மையான பாடம், மாணவனாக இருந்தபோது ஓர் ஆட்டு நுரையீரலைக் கையில் ஏந்திய பிற்பகலில்தான் கிடைத்தது. படங்களைப் பார்த்துப் பழகியிருந்த நான் இரண்டு வெற்றுப் பைகளை எதிர்பார்த்தேன். கைக்கு வந்ததோ ஈரமான, அளவுக்குச் சற்றும் பொருந்தாத குறைந்த எடையுள்ள ஒரு பஞ்சு. மூச்சுக்குழலைத் தடவியபோது முன்பக்கத்தில் குருத்தெலும்பு வளையங்கள் விரலில் நெருடின. உணவுக்குழாயை ஒட்டிய பின்பக்கத்தில் வளையம் முற்றுப்பெறாமல் மென்தசையாக இருந்தது. மனிதரிலும் அமைப்பு இதுவேதான். 16 முதல் 20 வளையங்கள், ஒவ்வொன்றும் பின்புறம் திறந்தது.

குழலில் ரப்பர் குழாயைச் செருகிக் கைப்பம்பினால் காற்றை ஏற்றினோம். மங்கிய செந்நிறத்தில் கிடந்த உறுப்பு இளஞ்சிவப்பாக மாறி, மேசையை நிறைக்கும் அளவுக்கு எழுந்தது. மனித நுரையீரலில் மூச்சுக்குழல் ஏறத்தாழ 23 முறை கிளைபிரிந்து, 30 கோடிக்கும் மேற்பட்ட நுண்ணறைகளில் முடிகிறது என்றும், அவற்றை விரித்துப் பரப்பினால் ஏறத்தாழ 70 சதுர மீட்டர் வரும் என்றும் ஆசிரியர் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு குழாயை எடுக்கச் சொன்னார். யாரும் அழுத்தாமலேயே அது சுருங்கிப் படுத்துவிட்டது. "சுருங்குவதுதான் இதன் இயல்பு என்றால், உங்கள் மார்புக்குள் இருப்பது இந்த நொடியில் ஏன் சுருங்கிக் கிடக்கவில்லை?" என்று கேட்டார். எங்கள் வகுப்பில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை.

நீர்க்குடுவை:

ஐயா, அந்தக் கேள்விக்கான விடையை நான் என் 19ஆம் வயதில் மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு கற்றேன். படித்துக்கொண்டிருந்தபோது வலது மார்பில் ஊசியால் குத்தியதுபோல ஒரு வலி எழுந்தது. அதன் பிறகு மூச்சு பாதி வழியிலேயே நின்றுவிடுவதுபோல் இருந்தது. எக்ஸ்ரே படத்தில் என் வலது நுரையீரல் ஒரு கைப்பிடி அளவுக்குச் சுருங்கியிருந்தது. உயரமான, ஒல்லியான இளைஞர்களுக்கு இப்படி நேர்வதுண்டு என்றும், நுரையீரலின் உச்சியில் இருந்த ஒரு சிறு கொப்புளம் உடைந்து, காற்று வரக் கூடாத இடத்துக்கு வந்துவிட்டது என்றும் மருத்துவர் விளக்கினார்.

அந்த இடம்தான் விடை. நுரையீரலைச் சுற்றி ஓர் உறையும், மார்புச் சுவரின் உட்புறத்தில் ஓர் உறையும் உள்ளன. இரண்டுக்கும் நடுவே மிக மெல்லிய நீர்ப்படலம் ஒன்று இருக்கிறது. ஈரமான இரண்டு கண்ணாடித் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குமே தவிர எளிதில் பிரியாதல்லவா, அதைப் போன்றது இது. நுரையீரல் உள்நோக்கி இழுக்கிறது, விலாக்கூடு வெளிநோக்கி விரியப் பார்க்கிறது. இந்த இழுபறியால் உறைகளுக்கு இடையே உள்ள அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கிறது. அங்கே காற்று புகுந்தால் பிடி விட்டுப்போகும். உங்கள் மேசைமேல் நடந்தது உடலுக்குள்ளேயே நடக்கும்.

விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு குழாயைச் செலுத்தி, அதன் மறுமுனையை ஒரு குடுவை நீருக்குள் அமிழ்த்தி வைத்தார்கள். செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால் நாள் முழுவதும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சை உள்ளிழுக்கும்போது குழாயினுள் நீர்மட்டம் ஏறியது, வெளிவிடும்போது இறங்கியது, இருமினால் குமிழ்கள் வந்தன. கவிழ்த்த கிண்ணம் போன்ற உதரவிதானம் சுருங்கித் தட்டையாகிறது, விலாக்கள் உயர்கின்றன, மார்பின் கொள்ளளவு பெருகி உள்ளே அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று தானாக நுழைகிறது என்று பள்ளியில் மனப்பாடம் செய்த வரிசை முழுவதும் என் கண்முன் ஒரு கண்ணாடிக் குழாயில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அமைதியாக இருக்கும்போது மூச்சை வெளிவிட எந்தத் தசையும் உழைக்க வேண்டியதில்லை என்பதும், அந்தச் சுருங்கும் இயல்பே அதற்குப் போதும் என்பதும் அப்போதுதான் உறைத்தன. ஐந்தாம் நாள் குமிழ்கள் நின்றன.

மணிமாலை:

என் அனுபவம் சிறியது. இரண்டு வயதில் என் மகள் ஒரு பிளாஸ்டிக் மணியை வாயில் போட்டுக்கொண்டு கடுமையாக இருமினாள், பிறகு அமைதியாகிவிட்டாள். விழுங்கிவிட்டாள் என்று நம்பினோம். அந்த அமைதிதான் எங்களை ஏமாற்றியது. ஒரு வாரம் கழித்து மூச்சில் சீழ்க்கை ஒலி கேட்டது. மருத்துவர் வலப்பக்கத்தில்தான் முதலில் காதுகொடுத்தார். வலது மூச்சுக்கிளைக்குழாய் இடதைவிட அகலமானது, குட்டையானது, செங்குத்தாக இறங்குவது என்பதால் தவறிச் செல்லும் பொருள்கள் பெரும்பாலும் அங்கேதான் சேரும் என்றார். எக்ஸ்ரேயில் மணி தெரியவில்லை. ஆனால் உள்ளே போன காற்று வெளியேற முடியாமல் வலது நுரையீரல் உப்பியிருந்தது தெரிந்தது. உள்நோக்குக் குழாய் வழியாக மணியை எடுத்தார்கள்.

ஆழ்நீர்:

நீச்சல் பயிற்சியாளர் என்ற முறையில் இதை எழுதியே ஆகவேண்டும். 16 வயதில், நீருக்கடியிலேயே குளத்தை யார் அதிக முறை கடப்பது என்று நண்பர்களுடன் போட்டியிட்டேன். நுரையீரலை ஆக்சிஜனால் நிரப்பிக்கொள்வதாக எண்ணி இருபது முறை ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு வாங்கிவிட்டு மூழ்கினேன். வியப்பளிக்கும் வகையில் மூச்சுமுட்டலே இல்லை. அடுத்து எனக்கு நினைவிருப்பது, குளக்கரையில் கிடந்து யாரோ என் முகத்தைத் தட்டிக்கொண்டிருந்ததுதான்.

இயல்பான நிலையிலேயே தமனிக் குருதியின் ஹீமோகுளோபின் 97 விழுக்காடு அளவுக்கு ஆக்சிஜனால் நிறைந்திருக்கிறது. வேகமாக மூச்சு வாங்குவதால் அதில் பெரிதாக எதுவும் கூடுவதில்லை. ஆனால் கரியமில வாயு பெருமளவில் வெளியேறிவிடுகிறது. மூச்சு வாங்கும் தூண்டுதலோ முதன்மையாகக் கரியமில வாயுவின் அளவைச் சார்ந்தது என்பதை உடலியக்கவியல் ஆய்வாளர்களான ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் 1905ஆம் ஆண்டிலேயே காட்டியிருக்கிறார்கள். அது கூடும்போது மூளையைச் சூழ்ந்த நீர்மத்தின் அமிலத்தன்மை உயர்கிறது. மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் உள்ள உணரிகள் அதை அறிகின்றன. கழுத்துத் தமனியருகே ஆக்சிஜன் குறைவை அறியும் உணரிகளும் உண்டு. ஆனால் அளவு வெகுவாகச் சரிந்த பிறகே அவை உரக்கக் குரல்கொடுக்கும். எச்சரிக்கை மணியை நானே கழற்றி வைத்துவிட்டு மூழ்கியிருந்தேன். மணி அடிப்பதற்குள் மூளை மயங்கிவிட்டது. என் மாணவர்கள் எவரையும், நீந்தத் தெரிந்தவராயினும், இதைச் செய்ய நான் விடுவதில்லை.

முப்பத்தோராம் வாரம்:

செய்முறைக்கூடம் ஐயாவின் பதிவைப் படித்ததும் எழுதத் தோன்றியது. என் மகன் 31 வாரத்தில் பிறந்தான். பிறந்த சிறிது நேரத்திலேயே ஒவ்வொரு மூச்சுக்கும் விலாக்களின் இடைவெளி உள்வாங்கியது. வெளிமூச்சின்போது ஒரு முனகல் கேட்டது. வலியால் அழுகிறான் என்று நினைத்தேன். செவிலியர் அம்மா, "அவன் அழவில்லை, வெளியேறும் காற்றைக் குரல்வளையில் தடுத்து, நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறான்" என்றார்.

நுண்ணறைகளின் உட்புறத்து ஈரம், தன் பரப்பு இழுவிசையால் அவற்றை மூடப் பார்க்கும். அதைத் தணிக்கும் சர்ஃபாக்டன்ட் என்னும் பொருளை நுரையீரலே சுரக்கிறது. ஆனால் போதிய அளவு ஏறத்தாழ 35ஆம் வாரத்தில்தான் சேருகிறது. குறைமாதக் குழந்தைகளின் மூச்சுத்திணறலுக்கு இதன் குறைபாடே காரணம் என்று ஆய்வாளர்கள் மேரி எல்லன் ஏவரியும் ஜெரி மீடும் 1959இல் கண்டறிந்தார்கள். 1980இல் ஜப்பானின் புஜிவாரா குழுவினர் அதை மருந்தாகச் செலுத்திக் காட்டினார்கள். என் மகனுக்குக் கொடுத்த மருந்து விலங்கின் நுரையீரலிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது.

மூக்கின் வழியாக மெல்லிய அழுத்தத்துடன் காற்று சென்றுகொண்டிருக்கும்போதே, நூல்போன்ற ஒரு குழாயால் மருந்தை மூச்சுக்குழலில் விட்டார்கள். சிறிது நேரத்தில் முனகல் நின்றது. மணிமாலை எழுதிய அமைதி எனக்கும் ஒரு கணம் நெஞ்சை நிறுத்தியது, திரும்பிப் பார்த்தேன். செவிலியர் அம்மா ஆக்சிஜன் அளவைக் குறைத்துக்கொண்டிருந்தார்.