பலகை சீலிங்கில் ஊஞ்சல் நாற்காலி மாட்டலாமா? கோத்தகிரி

வணக்கம். எங்களுடையது பழைய தகரக்கூரை வீடு, உள்ளே பலகை சீலிங். மழைக்காலத்துல வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்கிற மகளுக்கு, ஜன்னலோரம் ஒரு தொங்கும் ஊஞ்சல் நாற்காலி மாட்டித் தரணும்னு ரொம்ப ஆசை.

பலகையில கொக்கி போட்டா நிக்காது, மேல இருக்கிற உத்திரத்துலதான் போடணும். ஆடும்போது இழுப்பு இன்னும் கூடும். என் பயமெல்லாம் உத்திரத்து மேலதான். நம்ம ஊர் ஈரத்துக்கு மரம் உள்ளே உளுத்துப் போயிருக்கலாம். குத்திப் பார்த்தா தெரிஞ்சிடுமா, பலகையைக் கழட்டியே பார்க்கணுமா? உத்திரத்துல துளை போட்டு போல்ட் முறுக்கறதா, இல்ல ரெண்டு உத்திரத்துக்குக் குறுக்கே இரும்புப் பைப் வெச்சு அதுல தொங்கவிடறதா?

துருப்பிடிக்காத ஸ்டீல் கொக்கி குன்னூர், ஊட்டி பக்கம் எங்க கிடைக்கும்? பழைய வீட்டு மரவேலை தெரிஞ்ச ஆசாரி யாராவது இருந்தா தயவுசெஞ்சு சொல்லுங்க.