மறு: ‘ரிம்ஃபயர் கன்வர்ஷன் அப்பர்’ – ‘விளிம்படி மாற்று மேற்பாதி’ எனலாமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். ஏஆர்-15 வகை ரைஃபிள் வைத்திருக்கும் அமெரிக்கத் தமிழர்களுக்காக வாங்குநர் கையேடு ஒன்றை எழுதிவரும் நண்பர், ‘ரிம்ஃபயர் கன்வர்ஷன் அப்பர்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தார். ஏஆர்-15-இன் மேற்பாதியைக் கழற்றிவிட்டு, சிறிய .22 தோட்டாவைச் சுடுவதற்காக அந்த இடத்தில் பூட்டும் பகுதி அது. இதுவரை வந்த மடல்களில் ‘விளிம்புத்தீ மாற்றுகை மேல் ஏற்பி’ என்பதே முன்னிற்கிறது. மூன்று ஆங்கிலச் சொற்களுக்கும் அகராதியில் தனித்தனியே பொருள் பார்த்து ஒட்டிய தொடர் இது. கடையில் நின்று எதை வாங்குவது என்று தயங்குகிறவருக்கு இது உதவாது. ஆங்கிலத் தொடரே இரு வேறு பொருள்களை ஒரே பெயருக்குள் அடக்கிக் குழப்புகிறது. அந்தக் குழப்பத்தையும் சேர்த்து நாம் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை என்பது என் கருத்து.

முதலில் ‘ரிம்ஃபயர்’ என்பதை எடுத்துக்கொள்வோம். சுட்டு முடித்த .22 லாங் ரைஃபிள் தோட்டாவின் கூடு ஒன்றையும், ஏஆர்-15 வழக்கமாகச் சுடும் .223 ரெமிங்டன் தோட்டாவின் கூடு ஒன்றையும் உள்ளங்கையில் தலைகீழாக வைத்துப் பாருங்கள். .223-இன் அடியில், நடுவே தனியாகப் பதித்திருக்கும் பற்றவைப்பியில் வட்டமான குழி விழுந்திருக்கும். .22-இன் அடி முழுவதும் ஒரே தகடு. நடுவில் எதுவும் இராது, விளிம்பின் ஓரிடத்தில் மட்டும் சிறிய நசுங்கல் தெரியும். பற்றவைக்கும் மருந்து அந்த விளிம்பின் உள்மடிப்பில் அடைக்கப்பட்டிருக்கிறது. துப்பாக்கியின் அடியூசி (‘ஃபயரிங் பின்’) விளிம்பை நசுக்கும்போது அது பற்றி, உள்ளேயுள்ள வெடிமருந்தைக் கொளுத்துகிறது. 1845-இல் பிரான்சில் ஃப்ளோபேர் தொடங்கி வைத்த இம்முறை 1857-இல் ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனத்தின் சுழல்துப்பாக்கி வழியாக அமெரிக்காவில் பரவியது. இன்று உலகெங்கும் சுடப்படும் .22 லாங் ரைஃபிள் 1887-இல் வந்தது. நம்மில் கல்லூரி நாள்களில் என்.சி.சி.யில் ‘பாயிண்ட் டூ டூ’ சுட்டவர்கள் அனைவரும், பெயர் தெரியாமலே இந்த வகைத் தோட்டாவைத்தான் சுட்டிருக்கிறார்கள்.

ஆகவே விளிம்பில் நிகழ்வது அடி; தீ உள்ளே பற்றுகிறது. ‘விளிம்பு வெடி’ என்று ஒரு நண்பர் முன்மொழிந்தது காதுக்கு இனிமையாக இருந்தாலும் எனக்கு உடன்பாடில்லை. குழலின் பின்முனையில் தோட்டாவுக்கென உள்ள அறைக்குள் அது முழுமையாக அமராத நிலையில் சுடப்பட்டால் அதன் விளிம்பு உண்மையிலேயே கிழிந்து, சூடான வளி பின்னோக்கிப் பீறிடுவதுண்டு. ‘விளிம்பு வெடித்தது’ என்று சொன்னால் சுடுதளத்தில் இருப்பவர்கள் அந்த விபத்தைத்தான் நினைப்பார்கள். ஒழுங்காக வேலை செய்யும் தோட்டாவுக்கு விபத்தின் பெயரை வைப்பது பொருத்தமன்று. எனவே ‘விளிம்படித் தோட்டா’ என்றும், அதன் இணைச்சொல்லாக, பற்றவைப்பி நடுவிலிருக்கும் வகையை ‘நடுவடித் தோட்டா’ என்றும் கொள்ளலாம். ‘அடி’ என்பதைக் கீழ்ப்பகுதி என்று ஒருவர் பொருள்கொண்டாலும் கெடுதல் இல்லை. தோட்டாவின் அடிப்பாகத்தின் விளிம்பு, அடிப்பாகத்தின் நடு என்ற பொருளும் சரியான இடத்தையே காட்டுகிறது.

‘.22 என்றாலே போதாதா, விளிம்பும் நடுவும் எதற்கு’ என்று அம்மையார் ஒருவர் கேட்டிருந்தார். போதாது, அம்மா. .22 ஹார்னெட் என்பது நடுவடித் தோட்டா; .22 மேக்னம் விளிம்படிதான் என்றாலும் அது லாங் ரைஃபிள் அறையில் நுழையாது. .223-இன் குண்டும் ஏறத்தாழ அதே விட்டம் உடையது. மேலும் சட்டம் இந்த வேறுபாட்டின் மீதே நிற்கிறது. 1987-இல் ஹங்கர்ஃபோர்டில் நிகழ்ந்த படுகொலைக்குப் பிறகு பிரிட்டன் 1988-இல் இயற்றிய சட்டம், தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள்களைத் தடைசெய்தபோது .22 விளிம்படி வகைக்கு மட்டும் விலக்கு அளித்தது. அந்நாட்டுச் சுடுதளங்களில் ஏஆர் வடிவில் இத்தகைய .22 அரைத்தானியங்கிகள் இன்றும் காணப்படுவது அதனால்தான். கலிபோர்னியாவில் ‘தாக்குதல் ஆயுதம்’ எதுவென்று உறுப்புகளைக் கொண்டு வரையறுக்கும் பிரிவும் ‘அரைத்தானியங்கி, நடுவடி ரைஃபிள்’ என்றே தொடங்குகிறது. இவ்வளவு எடை தாங்கும் சொல்லை ‘.22’ என்ற எண்ணுக்குள் ஒளித்துவைக்க முடியாது.

அடுத்து ‘அப்பர்’. ஏஆர்-15 இரண்டு பாதிகளாகப் பிரியும் துப்பாக்கி. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு ஊசிகளைத் தள்ளினால் மேற்பாதி தனியாகக் கையில் வந்துவிடும். குழல், அறையைப் பின்னாலிருந்து மூடும் அடைப்பான் (‘போல்ட்’), குறிபார்க்கும் கருவி ஆகியவை அதனோடு வரும். விசை, கைப்பிடி, தோள்கட்டை ஆகியவை கீழ்ப்பாதியில் தங்கும். ‘ரிசீவர்’ என்பதற்கு ‘ஏற்பி’ என்று எழுதினால், தமிழ்வழி உயிரியல் படித்தவர் நரம்பு முனையை நினைப்பார், மின்னணுவியல் படித்தவர் வானொலியை நினைப்பார். உலோகக் கூட்டை மட்டும் குறிக்க ‘மேற்கூடு’ என்றும், குழலும் அடைப்பானும் பொருத்திய முழுத் தொகுதியைக் குறிக்க ‘மேற்பாதி’ என்றும் இரு சொற்களாகப் பிரிப்போம். ஆங்கிலப் பேச்சில் இரண்டும் ‘அப்பர்’ ஆகிவிடுவதால், மலிவாகக் கிடைக்கிறதென்று இணையத்தில் வெற்று மேற்கூட்டை வாங்கிவிட்டு, பெட்டியைத் திறந்ததும் ‘குழல் எங்கே’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

இந்தப் பிரிவினைக்கு இன்னொரு பயனும் உண்டு. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி ஏஆர்-15-இல் வரிசை எண் பொறித்த கீழ்க்கூடுதான் ‘துப்பாக்கி’. மேற்பாதி வெறும் உதிரிப்பாகம் என்பதால், உரிமம் பெற்ற விற்பனையாளர் வழியாகச் செல்லாமல் நேராக வீட்டுக்கே வந்துவிடும். ஜெர்மனி போன்ற நாடுகளில் மேற்கூடும் கட்டுப்படுத்தப்பட்ட உறுப்பு. அமெரிக்காவிலும் குழலின் நீளம் கவனிக்கப்பட வேண்டும். 16 அங்குலத்துக்குக் குறைந்த குழலோடு கூடிய மேற்பாதியை ரைஃபிளின் கீழ்ப்பாதியில் பூட்டினால், 1934-ஆம் ஆண்டின் தேசியச் சுடுகலன் சட்டத்தின்கீழ் அது குறுங்குழல் ரைஃபிள் ஆகிவிடும். விளிம்படி என்பதால் இதற்கு விலக்கு இல்லை. மாநில விதிகள் வேறு. கையேட்டில் இதை அடிக்குறிப்பாகத் தள்ளாமல் முதல் பக்கத்திலேயே எழுதுவது நல்லது.

‘கன்வர்ஷன்’ என்பதற்கு ‘மாற்றுகை’ வேண்டாம், ‘மாற்று’ போதும். ஊருக்குப் போகும்போது மாற்றுத்துணி எடுத்துக்கொள்வதைப் போல, ஒன்றைக் கழற்றி இன்னொன்றைப் பூட்டி, பிறகு மீண்டும் பழையதற்கே திரும்பும் பொருள் இது. துப்பாக்கி நிலையாக வேறொன்றாக மாறிவிடுவதில்லை.

இனி, ஆங்கிலப் பெயர் மறைக்கும் வேறுபாட்டுக்கு வருகிறேன். கடைகளில் ‘.22 கன்வர்ஷன்’ என்று கிடைப்பவை இருவகை. ஒன்று, இருக்கும் மேற்பாதியையே வைத்துக்கொண்டு அதன் அடைப்பானை மட்டும் எடுத்துவிட்டு .22 அடைப்பானைச் செருகுவது. அமெரிக்க இராணுவம் தன் எம்16 ரைஃபிளில் பயிற்சி அளிக்கப் பயன்படுத்திய எம்261 தொகுதியும், இன்று சிஎம்எம்ஜி நிறுவனம் விற்கும் தொகுதியும் இவ்வகையைச் சேர்ந்தவை. மற்றொன்று, .22-க்கென்றே செய்த குழலோடு கூடிய முழு மேற்பாதி. முன்னதை ‘மாற்று அடைப்பான்’ என்றும் பின்னதை ‘மாற்று மேற்பாதி’ என்றும் பெயரிட்டால், வாங்குபவர் எதற்குப் பணம் கொடுக்கிறார் என்பது பெயரிலேயே விளங்கிவிடும்.

மாற்று அடைப்பான் விலை குறைவு, பைக்குள் அடங்கும். ஆனால் குழல் .223-க்கு உரியது. அதன் அறை .22 தோட்டாவுக்கு மிகப் பெரியதாகையால், அடைப்பானின் முன்முனையில் .223 கூட்டின் வடிவில் ஓர் எஃகுச் செருகி இருக்கும்; .22 தோட்டா அதற்குள் அமர்ந்து சுடப்படுகிறது. குண்டு செருகியைக் கடந்த பிறகே, அதைச் சுழலவைக்கக் குழலின் உட்சுவரில் திருகுபோல் வெட்டிய புரியைப் பற்றுகிறது. அந்தப் புரியும் பொருத்தமானதன்று. .22 குழலில் குண்டு 16 அங்குலத்துக்கு ஒரு முறை சுழலும்; ஏஆர்-15 குழல்களில் பெரும்பாலும் 7 முதல் 9 அங்குலத்துக்குள் ஒரு சுற்று முடிந்துவிடும். நீளமான .223 குண்டுக்காக அமைத்த அந்த இறுக்கமான புரியில் 40 கிரெய்ன் எடையுள்ள மென்மையான ஈயக்குண்டு செல்லும்போது குறிநெருக்கம் குறைவது இயல்பு. இது போதாதென்று, .223 குழலில் வளி வெளியேறுவதற்காக உள்ள துளையில் ஈயமும் மெழுகும் படிந்துகொண்டே வரும். சில பெட்டிகள் சுட்டபின் அடைப்பானை வெளியே எடுத்தால் விரல் நுனிகள் கருமையாகி, துடைத்தாலும் பிசுபிசுப்பு போகாது. பக்கத்திலுள்ள தாளிலக்கைச் சுட்டுப் பழகுவதற்கு இது தாராளமாகப் போதும். 50 கெஜத்தில் குண்டுகள் நெருக்கமாக விழ வேண்டுமென்றால், அல்லது .223-க்கும் .22-க்கும் தனித்தனிக் குறிக்கருவி அமைத்து ஒவ்வொரு முறையும் திருத்தாமல் இருக்க வேண்டுமென்றால், மாற்று மேற்பாதிக்கே செலவிடலாம். அதன் அறை .22-க்கு அளவாகக் கடையப்பட்டது, புரி 16 அங்குலம், வளித்துளை இல்லை. என்னைக் கேட்டால், மாதத்தில் இரண்டு முறைக்கு மேல் சுடுபவர் மேற்பாதியையே வாங்குவது சிக்கனம்.

‘போல்ட்’ என்பதற்கு ‘தாழ்’ என்று முன்பு முடிவு செய்தோம். அதை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று தோன்றுகிறது. .223-இல் அது சுழன்று பற்களால் பூட்டிக்கொள்வதால் தாழ் பொருந்தும். இந்த விளிம்படி மாற்றுகளில் எதுவும் பூட்டுவதில்லை. இரும்பின் எடையும் சுருள்வில்லும் மட்டுமே அறையை அடைத்து நிற்கின்றன. .22 லாங் ரைஃபிளுக்கு வகுத்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 24,000 பவுண்டு, .223-க்கு 55,000 பவுண்டு. அதனால்தான் இந்த எளிய முறை .22-க்குப் போதுமானதாகிறது. ‘அடைப்பான்’ என்றால் இரண்டையும் குறிக்கும். தோட்டாக்கூடே பின்னால் தள்ளி அடைப்பானைத் திறக்கும் ‘ப்ளோபேக்’ முறையைப் ‘பின்னுந்தல்’ எனலாம். தோளில் உணரும் பின்னுதைப்போடு அது குழம்பாது.

பின்னுந்தலை விளக்கினால்தான் தோட்டாத் தேர்வும் விளங்கும். அடைப்பானைத் தள்ளப் போதிய உந்துதல் வேண்டும். ஒலியின் வேகத்துக்குக் குறைவான தோட்டாக்கள் பல மேற்பாதிகளில் கூட்டை முழுமையாக வெளியே தள்ளாமல் சிக்கவைக்கும். சிசிஐ மினி-மேக் போன்று, நொடிக்கு 1,235 அடி வேகத்தில் 40 கிரெய்ன் குண்டைச் செலுத்தும் செப்புப்பூச்சுத் தோட்டாக்களைக் கொண்டு முதலில் சோதித்துவிட்டு, பிறகு மலிவானவற்றை முயலலாம்.

பொருத்தம் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். கோல்ட் நிறுவனத்தின் பழைய மாதிரிகள் சிலவற்றில் முன்னூசி, வழக்கமான 0.250 அங்குலத்துக்கு மாறாக, 0.315 அங்குலம் இருக்கும். அவற்றுக்கு இடைப்பொருத்தி தேவை. ஸ்மித் அண்ட் வெசன் எம்&பி15-22 பார்வைக்கு அப்படியே ஏஆர்-15 போல இருந்தாலும் அதன் பாதிகள் மற்ற ஏஆர்களோடு சேரா; அது தனித் துப்பாக்கி, மாற்று மேற்பாதி அன்று.

தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கியில் செருகும் ‘மேகசின்’ என்பதற்கு ஈழத்தில் புழங்கும் ‘ரவைக்கூடு’ நல்ல சொல்தான். தமிழ்நாட்டு வாசகருக்கு ரவை என்றால் உப்புமாதான் நினைவுக்கு வரும் என்பதால் ‘தோட்டாக்கூடு’ என்றும் எழுதலாம். ஆனால் சுட்ட தோட்டாவின் வெற்று உறையையும் இம்மடலில் கூடு என்றே எழுதிவிட்டதால், எனக்கு ரவைக்கூடே மேல். .22 தோட்டாவின் முழு நீளம் ஓர் அங்குலம், .223-இன் நீளம் 2.26 அங்குலம். வெளியே ஏஆர் அளவும் உள்ளே .22-க்குரிய குறுகிய பாதையும் கொண்ட ரவைக்கூடுகளில் மேற்பாதி தயாரிப்பாளர் எதைப் பரிந்துரைக்கிறாரோ அதையே வாங்க வேண்டும்.

ஒரு சொல் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. கடைசித் தோட்டா சுடப்பட்டதும் அடைப்பான் பின்னால் திறந்தபடி நின்றுவிடும் அமைப்பு .223-இல் இயல்பாக உண்டு. விளிம்படி மேற்பாதிகளில் சிலவற்றில் உண்டு, சிலவற்றில் இல்லை, சிலவற்றில் ரவைக்கூட்டைப் பொறுத்தது. இல்லாதவற்றில் அடைப்பான் வெற்றறையின் மீது மூடிக்கொள்ளும். சுடுபவர் காலி என்று அறியாமல் விசையை இழுப்பார், அடியூசி அறையின் ஓரத்தில் மோதிச் சேதப்படுத்தவும் கூடும். வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகளில் இது முக்கியமானது. ‘திறந்துநிற்பு’ என்று எழுதிப் பார்த்தேன், நிறைவில்லை. ஈழத்து நண்பர்களிடம் வழக்கில் உள்ள சொல் இருந்தால் எழுதுங்கள். அது வந்த பிறகு கையேட்டு நண்பர் பட்டியலை முடிக்கட்டும்.

அன்புடன்.