ஹைப்போகிளைசீமியா: "சர்க்கரைக் குறைவு" வேண்டாம், வேறு சொல் வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.

ராயபுரம், தண்டையார்பேட்டை மக்களுக்கான சர்க்கரை நோய்க் கையேட்டில் ஹைப்போகிளைசீமியாவை "இரத்தச் சர்க்கரைக் குறைவு" என்று எழுதியிருக்கிறோம். இலக்கணம் சரி, சிக்கல் படிப்பவர் காதில். பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு "சுகர் குறைஞ்சிருக்கா?" என்று ஆவலாகக் கேட்பவருக்குக் குறைவு நல்ல சேதி. அதே சொல்லை ஆபத்துக்கும் வைத்தால் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுவார். "சர்க்கரைச் சரிவு" பொருந்துமா?

இன்சுலின் போடுபவர்களும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும்தான் இதை முதலில் படிக்க வேண்டியவர்கள். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு இது அரிது. காசிமேட்டில் விடிகாலை மீன் ஏலத்துக்குப் போகிறவர் கிளிமிபிரைடைப் போட்டுக்கொண்டு, நாஷ்டாவை அப்புறம் பார்த்துக்கலாம் என்று விட்டால், வெறும் வயிற்றிலும் மாத்திரை இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். கூடை தூக்கும் தசைகளும் சர்க்கரையை இழுக்கும். கை நடுங்கும், சில்லென்று வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், பிறகு வாய் குழறும். குடித்திருக்கிறார் என்று நினைத்து அக்கம்பக்கத்தார் ஒதுங்குவதுதான் உயிருக்கு உலை.

*

> "சர்க்கரைச் சரிவு" பொருந்துமா?

அக்கா, 300-லிருந்து 150-க்கு வந்தாலும் சரிவுதானே? அது மருந்து வேலை செய்வதன் அடையாளம். நமக்கு வேண்டியது 100 மி.லி. ரத்தத்தில் 70 மி.கி.க்குக் கீழே நிற்கும் நிலையின் பெயர். "தாழ் இரத்த அழுத்தம்" ஊருக்கே பழகிவிட்டது. அதே அச்சில் "தாழ்சர்க்கரை" என்போம். 54-க்குக் கீழே போனால் "மிகுதாழ்சர்க்கரை" என்று அடை சேர்க்கவும் இடமிருக்கிறது.

*

> அதே அச்சில் "தாழ்சர்க்கரை" என்போம்.

எனக்கும் இதுவே சரியாகப் படுகிறது. தெருவில் புழங்கும் "லோ சுகர்" என்பதோடு அப்படியே ஒட்டுகிறது. தலைப்பில் "தாழ்சர்க்கரை (லோ சுகர்): 70-க்குக் கீழ்" என்று எண்ணோடு சேர்த்தே அச்சிடுவோம். "சரிவு" சர்க்கரை வேகமாக இறங்குவதைச் சொல்லப் பயன்படட்டும்.

சொல்லை மாற்றும்போது அடியில் இருக்கும் "உடனே இனிப்பு கொடுக்கவும்" என்ற வரியையும் தயவுசெய்து மாற்றுங்கள். பால்கோவாவும் சாக்லேட்டும் இனிப்புதான், ஆனால் அவற்றின் கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதமாக்கும். 15 கிராம் குளுக்கோஸ், இல்லாவிட்டால் தலைதட்டிய 4 டீஸ்பூன் சர்க்கரை, அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பார்த்து, இன்னும் 70-க்குக் கீழே இருந்தால் அதே அளவு மறுபடி. ஏறியதும் இரண்டு இட்லியாவது சாப்பிட வேண்டும். அகார்போஸ், வோக்லிபோஸ் என்ற சர்க்கரை நோய் மாத்திரைகளை எடுப்பவருக்கு வீட்டுச் சர்க்கரை குடலில் உடைவது தாமதமாகும், குளுக்கோஸ் பொடியே கொடுக்க வேண்டும். இதைத் தடித்த எழுத்தில் போடலாம்.

நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும். கிளிமிபிரைடு வகை மாத்திரை எடுத்தவர் கண் விழித்து நன்றாகப் பேசினாலும் சில மணி நேரத்தில் மறுபடி தாழக்கூடும். ஸ்டான்லியோ பக்கத்து மருத்துவமனையோ, எங்கே சேர்த்தாலும் டாக்டர் போகச் சொல்லும்வரை வீட்டுக்கு அழைத்துப் போகக் கூடாது என்பதைக் கடைசி வரியாகச் சேர்த்துவிடுங்கள்.