பிரிக் லேன் ஜாமே மஸ்ஜித்: ஜெப ஆலயம் பள்ளிவாசல் ஆனது எப்படி?

வரலாறு_தேடி:
லண்டன் பிரிக் லேனில், ஃபோர்னியர் தெரு முனையில் இருக்கும் ஜாமே மஸ்ஜித் முன்பு யூதர்களின் ஜெப ஆலயமாக இருந்ததாமே. பறித்துக்கொண்டார்களா, விலைக்கு வாங்கினார்களா? உள்ளே எதையெல்லாம் மாற்ற வேண்டியிருக்கும்? வெளியே நின்று பார்த்தால் பழைய அடையாளம் ஏதாவது தெரியுமா?

கீழைலண்டன்:
யாரும் பறிக்கவில்லை. ஜெப ஆலயத்தோடு கதையைத் தொடங்கினால் பாதிதான் புரியும். 1685இல் பதினான்காம் லூயி தந்த நெருக்கடியில் பிரான்சை விட்டு ஓடிவந்த புராட்டஸ்டன்ட் பட்டு நெசவாளர்கள், அதாவது ஹியூகனாட்டுகள், இங்கே குடியேறினார்கள். அவர்களின் சந்ததியினர் 1743இல் கட்டிய தேவாலயம் இது. நெசவு நொடித்து அவர்கள் கலைந்ததும், 1809இல் யூதர்களைக் கிறிஸ்தவர்களாக்க முயன்ற ஒரு சங்கம் இதை எடுத்தது. 1819 முதல் மெதடிஸ்டுகள் என்ற புராட்டஸ்டன்ட் பிரிவினர். பல கட்டுரைகள் இந்த இரண்டையும் விட்டுவிட்டு நேரே 1898க்குத் தாவிவிடுகின்றன.

1881க்குப் பிறகு ரஷ்யப் பேரரசில் நடந்த வன்முறைகளுக்குத் தப்பி வந்த யூதர்கள் இந்தத் தெருக்களை நிரப்பினார்கள். அவர்களில் ஆசாரத்தில் மிகக் கண்டிப்பான மஹ்ஸிகே ஹதாத் சபை 1898இல் இதை ஜெப ஆலயமாக்கியது. முதல் உலகப்போர் காலத்தில் ரப்பி (யூத மதகுரு) ஆபிரகாம் ஐசக் கூக் இந்தச் சபைக்குத் தலைமை தாங்கினார். பிறகு குடும்பங்கள் வடக்கு லண்டனுக்கு நகர, சபையும் கோல்டர்ஸ் கிரீன் பக்கம் போய்விட்டது. அதே தெருக்களில், அதே தையல் தொழிலில், இன்றைய வங்கதேசத்தின் சில்ஹெட்டிலிருந்து வந்த வங்காளிகள் அமர்ந்தார்கள். கட்டடம் அவர்கள் கைக்கு வந்து 1976இல் பள்ளிவாசலானது. ஆட்கள் இடம்பெயர்ந்தார்கள், கட்டடம் அடுத்தவர்களுக்குப் போனது. நடந்தது இவ்வளவுதான்.

கிப்லா119:
உள்ளமைப்புக்கு வருகிறேன். ஜெப ஆலயம் பள்ளிவாசலாக மாறுவதில் பெரிய வசதி, அகற்ற வேண்டிய உருவங்கள் கிடையாது. யூதர்கள் எருசலேம் நோக்கியும் முஸ்லிம்கள் மக்கா நோக்கியும் தொழுவார்கள்; இங்கே இரண்டு திசையும் ஏறக்குறைய ஒன்றே. வடக்கிலிருந்து வலமாக அளந்தால், லண்டனிலிருந்து எருசலேம் சுமார் 114 பாகை, மக்கா சுமார் 119 பாகை. ஆனால் இந்தக் கணக்கு எல்லா ஊருக்கும் பொருந்தாது, சில ஊர்களில் இரண்டு திசைகளும் வெகுவாக விலகும்.

தோரா (யூத வேதம்) சுருள்கள் சபையோடு போய்விடும். சுருள்களை வைத்திருந்த பேழையும், ஓதும் மேடையும், பெஞ்சுகளும் போனால் கூடம் காலி. மிஹ்ராபும் (தொழும் திசையைக் காட்டும் மாடம்) மிம்பரும் (உரை மேடை) வைக்க அதிக இடம் வேண்டாம். தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஒளு செய்யும் இடம்தான் உண்மையான வேலை: ஒரே நேரத்தில் பலர் கால் கழுவத் தண்ணீர்க் குழாய், வடிகால், ஈரம் இறங்காத தரை எல்லாம் வேண்டும். பழைய செங்கல் கட்டடத்தில் இதில் கோட்டை விட்டால் சுவரில் ஈரம் ஏறிவிடும். இன்னொன்று, கட்டடத்தின் சுவர் கிப்லாவுக்கு, அதாவது மக்காவின் திசைக்கு, நேராக இல்லாவிட்டால் சஃப் (தொழுகை வரிசை) கோடுகளைச் சாய்வாகத்தான் போட வேண்டும். அப்போது மூலைகளில் இடம் வீணாகும்.

கீழைலண்டன்:
வெளி அடையாளம் கேட்டீர்களே. ஃபோர்னியர் தெருப் பக்கம் அண்ணாந்து பாருங்கள். சுவரின் உச்சியில் ஒரு சூரியக் கடிகாரம், அதில் 1743 என்ற ஆண்டும் "நாம் நிழலே" என்று பொருள்படும் லத்தீன் வரியும் இருக்கும். நான்கு சமூகங்கள் கைமாறியும் யாரும் அதை எடுக்கவில்லை, அதற்காகவே இவர்களை மதிக்கலாம். பிரிக் லேன் பக்கம் நிற்கும் எஃகுத் தூண் 2009இல் வந்தது, 29 மீட்டர் உயரம், உச்சியில் பிறை. பழைய சுவரோடு ஒட்டாமல் தனியாக நிற்கிறது. பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் சுவரில் கைவைக்க அனுமதி வாங்க வேண்டும்.

வரலாறு_தேடி:
எல்லா ஊரிலும் இப்படித்தானா?

கிப்லா119:
இல்லை. அல்ஜீரியாவின் ஓரான் நகரப் பெரிய ஜெப ஆலயத்தைப் பாருங்கள். 1880இல் தொடங்கி 1918இல் திறந்தார்கள். 1962இல் நாடு விடுதலை பெற்றபோது யூதர்கள் அநேகமாக எல்லோரும் வெளியேறினார்கள். 1975இல் அது பள்ளிவாசலானது. மதீனாவில் யூதராக இருந்து இஸ்லாத்தைத் தழுவிய நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு ஸலாமின் பெயரை வைத்தார்கள். பிரிக் லேனில் சபை சில மைல் தள்ளிப் போய்த் தொடர்ந்து இயங்கியது. ஓரானில் சபையே இல்லாமல் போனது. இரண்டையும் ஒரே பட்டியலில் எழுதுபவர்கள் இந்த வேறுபாட்டைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும்.