அப்பச்சியின் சாந்தி விழாவுக்கு ‘லக்ஸரி காட்டன்’ வாங்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தேவகோட்டை வளவு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வருகிற ஐப்பசியில் எங்கள் அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, வயது நிறைவுச் சாந்தி. பிள்ளைகள் மூன்று பேரும் சேர்ந்து ஏதாவது செய்ய வேண்டும் என்று கேட்டதற்கு, “வெள்ளியும் வேண்டாம், தங்கமும் வேண்டாம். உடம்பில் உறுத்தாத துணி நாலு எடுத்துக் கொடுங்கள், போதும்” என்று சொல்லிவிட்டார். சித்திரை பிறந்தால் அவருக்கு முதுகு முழுக்க வேர்க்குரு. பாலியஸ்டர் கலந்த சட்டையை அரை மணி நேரம் தாங்க மாட்டார்.

போன வாரம் கடைக்குப் போனேன். சட்டைத் துணியில் ஒன்று மீட்டர் 650 ரூபாய், ‘நூறாம் நம்பர் காட்டன்’ என்றார்கள். பக்கத்திலேயே ‘ஜீசா காட்டன்’ என்று இன்னொன்று, மீட்டர் 2,400. படுக்கை விரிப்பில் ‘1000 த்ரெட் கவுண்ட், ஈஜிப்சியன்’ என்று பெட்டியில் போட்டு 11,500 சொன்னார்கள். தொட்டுப் பார்த்தால் எல்லாமே வழுவழுவென்றுதான் இருக்கிறது.

பயம் எதற்கு என்றால், இரண்டு வருடத்துக்கு முன் ஆத்தாவுக்கு வெளியூர்க் கடை ஒன்றில் 800 த்ரெட் கவுண்ட் விரிப்பு வாங்கினேன். ஆறு மாதத்தில் மேலெல்லாம் பொடிப்பொடியாக உருண்டை கட்டிவிட்டது. படுத்தால் சூடாகவும் இருக்கிறது என்று சொல்லி ஆத்தா அதை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். இந்தத் தடவை ஏமாறக்கூடாது. ஜீசா, பிமா, சுப்பிமா, சுவின் என்றெல்லாம் சொல்கிறார்களே, இவை என்ன? அந்த விலைக்கு உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா?

---

கோட்டையூர் பஞ்சு எழுதியது:

ஆச்சி, நான் கோயம்புத்தூர்ப் பக்கம் நூல் மில்லில் 31 வருடம் பஞ்சு பார்த்தவன். பேல், அதாவது பஞ்சுப் பொதி, வந்து இறங்கியதும் அதிலிருந்து ஒரு பிடி பஞ்சு எடுத்து, இந்தப் பஞ்சில் எந்த நம்பர் நூல் ஓட்டலாம் என்று சொல்வதுதான் வேலை. இப்போது எல்லாவற்றையும் இயந்திரம் அளந்து சொல்கிறது. நான் சேர்ந்த புதிதில் கைதான். ஒரு சிட்டிகைப் பஞ்சை இரண்டு கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து இழுப்போம். பிரித்து, ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி, மறுபடி இழுப்போம். ஏழெட்டுத் தடவை இப்படிச் செய்தால் குட்டை இழையெல்லாம் உதிர்ந்து, மீதி சீப்பு வைத்து வாரிய முடிபோல நேராக நிற்கும். அதைத் தொடையில் விரித்த கறுப்புக் குடைத்துணியில் வைத்து ஸ்கேலால் அளப்போம். சாதாரண நல்ல பஞ்சு 28, 30 மில்லிமீட்டர் வரும். சுவினை முதல் தடவை இழுத்தபோது 38 வந்தது. தப்பாக இழுத்துவிட்டேனோ என்று திரும்ப இழுத்துப் பார்த்தேன். அதே 38.

நீங்கள் கேட்ட விலையெல்லாம் அந்த எட்டு மில்லிமீட்டருக்குத்தான்.

உலகத்தில் விளையும் பருத்தியில் பெரும்பகுதி ஹிர்சூட்டம் என்ற இனம். பார்படென்ஸ் என்று இன்னொரு இனம் உண்டு, அதன் இழை நீளம். ஜீசா, பிமா, சீ ஐலண்ட், சுவின் எல்லாம் இந்த ஒரே இனத்துப் பிள்ளைகள், விளைகிற ஊர்தான் வேறு. ஜீசா எகிப்தில். பெயருக்குப் பின்னால் 45, 87 என்று வருவது ரகத்தின் எண். பிமா அமெரிக்காவிலும் பெருவிலும். அமெரிக்கப் பிமாவுக்கு மட்டும் அங்குள்ள விவசாயிகள் 1954-ல் சங்கம் வைத்துத் தருகிற முத்திரைதான் சுப்பிமா. சுவின் நம்முடையது. சுஜாதா என்ற ரகத்தையும் செயின்ட் வின்சென்ட் என்ற சீ ஐலண்ட் ரகத்தையும் கோயம்புத்தூரில் ஒட்டுச்சேர்த்து 1974-ல் வெளியிட்டார்கள். ‘சு’வும் ‘வின்’னும் சேர்ந்து சுவின். ஆத்தூர், சேலம் பக்கம் விளைந்தது. செடி வயலில் நெடுநாள் நிற்கும், காய் சிறுசு, பூச்சி மருந்துச் செலவு அதிகம். அதனால் ஒவ்வொருவராக விட்டுவிட்டார்கள். எனக்கு அதில் இன்றும் வருத்தம்தான். எகிப்துக்குக் குறையாத பஞ்சு நம் மண்ணில் இருந்தும் நம் கடையில் அந்தப் பெயரைக் கேட்டால் விழிக்கிறார்கள்.

சரி, நீளமாக இருந்தால் என்ன லாபம்? நூல் என்பது இழைகளை முறுக்கிப் பிடித்து வைத்திருப்பது. குட்டை இழையானால் ஒரு முழ நூலுக்குள் ஆயிரக்கணக்கான நுனிகள். அந்த நுனிகள்தான் வெளியே நீட்டிக்கொண்டு உறுத்தும், உரசி உரசி உருண்டையும் கட்டும். நீள இழையில் நுனி குறைவு. முறுக்கும் குறைவாகப் போதும், அதனால் மெத்தென்றிருக்கும், அறுந்தும் போகாது.

ஆனால் இந்தப் பலன் மெல்லிய நூலில்தான் தெரியும். இதைக் கடைக்காரர் யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார். நூல் நம்பர் என்பது ஒரு பவுண்டு எடையில் 840 கஜ நீள நூல் சுற்றிய சிட்டம் எத்தனை நிற்கிறது என்ற கணக்கு. நூறாம் நம்பர் என்றால் நூறு சிட்டம், 84,000 கஜம், சுமார் 77 கிலோமீட்டர். காரைக்குடியில் ஒரு முனையைக் கட்டிவிட்டு மதுரைச் சாலையில் இழுத்துக்கொண்டே போனால் மேலூரைத் தாண்டிவிடும். எடை அரைக் கிலோ கூட இல்லை. அவ்வளவு மெல்லிய நூலின் குறுக்கில் நிற்பது கொஞ்சம் இழைகள்தான், அங்கே ஒவ்வொன்றின் நீளமும் கணக்கு. நாற்பதாம் நம்பர் தடி நூலுக்கு 30 மில்லிமீட்டர் பஞ்சு தாராளம். அதில் ஜீசாவைப் போடுவது பாலில் கால் கழுவுகிற மாதிரி. ஆகவே ‘ஜீசா’ என்று எழுதியிருந்தால் அடுத்த கேள்வி, “என்ன நம்பர் நூல்?” என்பதாக இருக்க வேண்டும். நூற்றிருபது, நூற்றுநாற்பது இரட்டைப்புரி (இரண்டு நூலை ஒன்றாக முறுக்கியது) என்று பதில் வந்தால் விலையில் நியாயம் இருக்கலாம். பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

விரிப்புக்கு வருவோம். த்ரெட் கவுண்ட் என்றால் ஒரு சதுர அங்குலத்தில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலும் குறுக்கே ஓடும் ஊடை நூலும் சேர்த்து எத்தனை என்பது. ஒற்றை நூலில் 400, மிஞ்சிப்போனால் 500, அதற்குமேல் தறியில் இடமே கிடையாது. பிறகு 1000 எப்படி வரும்? நாலு புரி சேர்த்து முறுக்கிய ஒரு நூலை நாலு என்று எண்ணுவார்கள். 250 நூல் 1000 ஆகிவிடும். துணி கனத்துப்போகும், காற்றுப் புகாது. ஆத்தாவுக்குச் சூடாக இருந்தது அதனால்தான் இருக்கும். சாட்டின் நெசவாக இருந்தால் இன்னும் புழுங்கும், ஒரு நூல் நாலு நூலைத் தாண்டி ஒன்றில் இறங்குவதால் மேலே மூடிக்கொள்ளும். நம் ஊருக்கு ஒன்று விட்டு ஒன்று போகிற சாதா நெசவு, பெர்கேல் என்பார்கள், 200-லிருந்து 300-க்குள் போதும்.

கடையில் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சிலிகோன் பூச்சு போட்டால் எந்தத் துணியும் வழுவழுக்கும், சலவை செய்யச் செய்ய அது குறைந்துவிடும். பெட்டியில் இருக்கும் பெயரையும் முழுதாக நம்ப முடியாது. 2016-ல் அமெரிக்காவின் பெரிய கடை ஒன்று, எகிப்துப் பருத்தி என்று வாங்கி விற்ற விரிப்புகளில் இருந்தது வேறு பஞ்சு என்று கண்டுபிடித்து, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அவ்வளவு பெரிய கடைக்கே அந்த நிலை.

ஒன்று செய்யுங்கள். பெட்டிக்குள் இருக்கிற அந்த 800 விரிப்பை எடுத்து, மடிப்பு ஓரத்திலிருந்து ஒரு சாண் நூல் உருவுங்கள். முறுக்குக்கு எதிர்த்திசையில் திருப்பிப் பாருங்கள், எத்தனை புரியாகப் பிரிகிறது என்று. ஒரு புரியை மட்டும் எடுத்து இன்னும் முறுக்கை அவிழ்த்து, மெதுவாக இழுத்தால் இழை தனியாக வரும். கறுப்புத் துணியில் வைத்து அளந்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

---

தறிவீடு எழுதியது:

அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. காரைக்குடியில் எங்கள் வீட்டில் இன்னும் தறி ஓடுகிறது, கட்டம் போட்ட கண்டாங்கிச் சேலை நெய்கிறோம். வேர்க்குருவைப் பற்றி ஒரு வார்த்தை. அதற்கு இழை நீளம் மருந்தில்லை, காற்று போகிற நெசவுதான் மருந்து. ரொம்ப மெல்லிய நூலை நெருக்கி நெய்த விலை உயர்ந்த சட்டை நம் ஊர் வெயிலில் புழுங்கத்தான் செய்யும். நாங்கள் கண்டாங்கிக்குப் போடுவது அறுபதாம் நம்பர் நூல், ஒன்றும் உயர்ந்த பஞ்சில்லை. ஆனால் கையால் அடிக்கிற ஊடை விசைத்தறி அளவுக்கு இறுகாது, இழைக்கு இழை மூச்சுவிட இடம் இருக்கும். அந்தக் காலத்து ஆச்சிமார் உள்பாவாடை இல்லாமல் கண்டாங்கியை மட்டும் கட்டிக்கொண்டு இரண்டாங்கட்டில் அடுப்படி வேலை முழுக்கப் பார்த்திருக்கிறார்கள். 2019-ல் புவிசார் குறியீடு வந்த பிறகு கேட்டு வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள், சந்தோஷம். ஆனால் விசைத்தறியில் ஓட்டிய கட்டத்தையும் கண்டாங்கி என்று கொடுக்கிறார்கள், பார்த்து வாங்குங்கள்.

அப்பச்சிக்குக் கைத்தறித் துண்டும் வேட்டியும் எடுங்கள். முதல் இரண்டு சலவை வரை கஞ்சி இருக்கும், முரடாகத் தெரியும். பத்தாவது சலவையில் பாருங்கள்.

---

சிங்கப்பூர் பள்ளத்தூர் எழுதியது:

என் அனுபவம் மட்டும் சொல்கிறேன். சுப்பிமா பனியன் நாலு வருடமாகப் போடுகிறேன், கழுத்து இன்னும் தொய்யவில்லை. வேறு எதற்கும் அந்த விலை கொடுக்க மனம் வராது, பனியனுக்குக் கொடுப்பேன். முதுகோடு ஒட்டிக் கிடப்பது அதுதானே.

---

தேவகோட்டை வளவு எழுதியது:

அண்ணே, சொன்னபடி செய்து பார்த்தேன். மத்தியானம் முகப்பில் உட்கார்ந்து, விரிப்பின் ஓரத்தைப் பிரித்து நூல் உருவினேன். திருப்பத் திருப்ப அது நாலாகப் பிரிந்து நின்றது. விரல் நடுங்கிவிட்டது எனக்கு. அப்புறம் மகனுடைய பூதக்கண்ணாடியை வைத்து அரை அங்குலத்துக்கு எண்ணினோம். பாவில் 52, ஊடையில் 48. அங்குலத்துக்குக் கணக்குப் போட்டால் 200. நாலால் பெருக்கினால் பெட்டியில் இருந்த அதே 800! ஒற்றை இழையை ஆத்தாவின் கறுப்புக் கம்பளியில் வைத்து அளந்தேன். 22, 23, 19. ஒன்றுகூட ஓர் அங்குலத்தைத் தொடவில்லை.

ஆத்தா பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு, “நான் சொன்னபோது நீ நம்பவில்லையே” என்றார். நியாயம்தான்.

கடைக்கும் மறுபடி போனேன். ஜீசா என்ன நம்பர் என்று கேட்டேன், “இம்போர்ட்டட் குவாலிட்டி” என்பதையே மூன்று விதமாகச் சொன்னார்கள். 650 ரூபாய்த் துணிக்கு மட்டும் ஓரத்தில் அச்சடித்திருந்ததைக் காட்டி, நூறாம் நம்பர் இரட்டைப்புரி என்று உடனே சொன்னார்கள். அதில் இரண்டு சட்டைக்கு எடுத்துவிட்டேன். தறிவீட்டு ஆச்சி, துண்டுக்கும் வேட்டிக்கும் உங்களிடமே வருகிறேன். பனியன் மட்டும் நீள இழையில் ஆறு வாங்கலாம் என்று தம்பி சொல்கிறான், மற்ற எதையும்விட அதற்கு அதிகம் செலவாகிறது. சரியா?

---

கோட்டையூர் பஞ்சு எழுதியது:

ரொம்பச் சரி ஆச்சி. தினமும் உடம்பில் கிடப்பது, வாரம் மூன்று தடவை சலவைக்குப் போவது, அதற்குத்தான் நீள இழை. ஒரு சுற்று பெரிய அளவாக எடுங்கள், இறுக்கிப் பிடித்தால் எந்தப் பஞ்சும் உதவாது. சட்டையையும் தளர்வாகத் தைக்கச் சொல்லுங்கள். தைக்கக் கொடுக்கும் முன் துணியை ஒரு ராத்திரி வெறும் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்துவிடுங்கள், சுருங்குவது அப்போதே சுருங்கிவிடும். சலவையில் வாசனைக்கு ஊற்றுகிற மென்மைத் திரவம் வேண்டாம். அது இழையின்மேல் பூச்சாகப் படிந்து வியர்வையை உறிஞ்ச விடாது. பனியனை நிழலில் காயப் போடுங்கள். அந்த 800 விரிப்பைத் தூக்கிப் போடாதீர்கள், மார்கழிக் குளிரில் மெத்தையின் மேல் விரித்துக்கொள்ளலாம்.