டகோட்டாவில் ஏறியவர்கள், பார்த்தவர்கள்

கனடாவின் வடக்கே யெல்லோநைஃபில் வேலை பார்த்தபோது, கிரேட் ஸ்லேவ் ஏரிக்கு அக்கரையில் இருக்கும் ஹே ரிவருக்கு பஃபலோ ஏர்வேஸின் டிசி-3யில்தான் போய் வருவேன். நம் ஊரில் டகோட்டா என்போமே, அதேதான். பின்கதவு வழியாக ஏறியதுமே மலையேற்றம். வாலுக்கு அடியில் குட்டிச் சக்கரம் என்பதால் தரையில் நிற்கும்போது மூக்கு மேலே, வால் கீழே. இருக்கைகளைப் பிடித்துப் பிடித்துத்தான் முன்வரிசைக்குப் போகலாம். ஓடுபாதையில் வேகம் பிடித்து வால் எழும்பும்போது தளம் சமமாகும். அந்த நொடி எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

குளிர்காலத்தில் என்ஜின்களுக்குப் போர்வை போர்த்தி, தடித்த குழாயில் சூடான காற்றை ஊதுவார்கள். கிளப்பினால் விசிறி தயங்கித் தயங்கிச் சுற்றும், இருமும், புகை கக்கும். வட்டமாக அடுக்கிய 14 சிலிண்டர்களில் கீழே இருப்பவற்றில் எண்ணெய் இறங்கித் தங்கிவிடும். அது எரிகிற புகை. புதிதாக வருகிறவர்கள் மிரண்டுபோவார்கள்.

இவ்வளவு சத்தம் போடுகிற விமானம் பிறந்ததே ஆட்கள் தூங்கிக்கொண்டு போவதற்காக! அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவர் சி. ஆர். ஸ்மித், படுக்கை வைத்த விமானம் வேண்டுமென்று விமானத் தயாரிப்பாளர் டொனால்ட் டக்ளஸிடம் தொலைபேசியில் விடாப்பிடியாக நின்றார். அவருடைய முந்தைய விமானமான டிசி-2இன் உடலை அகலமாக்கி 14 படுக்கை போட்டார்கள். முதல் பறப்பு 1935 டிசம்பர் 17, சாண்டா மோனிகாவில். படுக்கைக்குப் பதில் இருக்கை போட்டால் 21 பேர். காசு அங்கேதான் இருந்தது: தபால் வருமானத்தை நம்பாமல், பயணிகளை வைத்தே லாபம் பார்க்க முடிந்தது. பிறகு போர். இராணுவத்துக்கான சி-47 வகைகளையும் சேர்த்தால் தயாரானவை 10,000க்கு மேல். போர் முடிந்து மிஞ்சியவை சல்லிசாக விலைக்கு வர, ஊருக்கு ஊர் விமானக் கம்பெனிகள் முளைத்தன.

வேறு யாராவது ஏறியிருக்கிறீர்களா?

*

ஏறியதில்லை சார், பார்த்திருக்கிறேன். 2024 அக்டோபர் 6, மெரினா விமான சாகசம். மண்டையைப் பிளக்கிற வெயில். ரஃபேல் காதைக் கிழித்த அதே வானத்தில் டகோட்டா அவசரமே இல்லாமல் போனது. "இது ஏன் இவ்ளோ மெதுவா போகுது?" என்றான் பக்கத்தில் ஒரு பையன். விமானப்படையின் 'பரசுராமா' அது. 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகரில் படையினரை இறக்கிய டகோட்டாவின் எண்ணான விபி 905ஐ இதற்கு வைத்திருக்கிறார்கள். அந்த விமானமே அல்ல. இது பிரிட்டனில் சீர்செய்யப்பட்டு 2018இல் வந்தது.

என் தாத்தா ஆர்எம்எஸ்ஸில், அதாவது ரயில்வே தபால் பிரிவில், தபால் பிரித்தவர். 1949இல் இரவு விமானத் தபால் ஆரம்பித்தது. மெட்ராஸ், பம்பாய், கல்கத்தா, டெல்லி விமானங்கள் நடுராத்திரி நாக்பூரில் கூடி, பைகளை மாற்றிக்கொண்டு அவரவர் ஊருக்குத் திரும்பும். ஆரம்பத்தில் டகோட்டாக்கள்தான். "சாயங்காலம் போட்ட லெட்டர் மறுநாள் டெல்லியில்" என்று தாத்தா, ஏதோ தானே ஓட்டிப் போனதுபோலச் சொல்வார்.

*

தம்பிமார், நான் சின்னப் பொடியனாக ஏறியிருக்கிறேன். ஏர் சிலோன், யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து கொழும்புப் பக்கத்து இரத்மலானைக்கு. அந்த நிறுவனத்தின் முதல் பறப்பே டகோட்டாதான்: 1947 டிசம்பர் 10, இரத்மலானையில் கிளம்பி பலாலியில் இறங்கி மெட்ராஸ். விமானத்தின் பெயர் 'சீதாதேவி'. இலங்கையிலிருந்து சீதை இரண்டாம் தடவையாக விமானத்தில் இந்தியா போகிறாள் என்று மாமா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். புட்பக விமானத்தில் காது அடைத்ததா என்று கம்பர் பாடவில்லை. எனக்கு நன்றாக அடைத்தது. டொஃபி தந்தார்கள், சப்பச் சொல்லி. தாழப் பறப்பதால் ஆனையிறவு உப்பளம் பாத்தி பாத்தியாகத் தெரிந்தது. நான் அதைப் பார்க்க, அம்மா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நல்லூர்க் கந்தனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

1964இல் அவ்ரோ என்ற புது விமானம் வந்தது. அம்மாவுக்கு அதுதான் பிடித்தது. கொழும்புப் பக்கம் போகிறவர்கள் இரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒரு டகோட்டாவைப் பார்க்கலாம்.