கவாத்து வெட்டாத வருஷம்

கடைசிக் காலத்தைப் பற்றிய பைபிள் வசனம் ஏதாவது உங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததுண்டா? நடந்ததை மட்டும் எழுதுங்கள், பிரசங்கம் வேண்டாம்.

கோத்தகிரியிலிருந்து:

1999. எனக்குப் பதினாலு வயசு. பெரியப்பாவுக்கு ஒரு ஏக்கர் தேயிலை, அந்த வருஷம் கவாத்து முறை. நாலைந்து வருஷத்துக்கு ஒரு தடவை செடியை மொட்டையாக வெட்டிவிட வேண்டும். வெட்டினால் இரண்டு மூன்று மாசத்துக்கு இலையும் கிடையாது, காசும் கிடையாது. பெரியப்பா வெட்டவில்லை. பக்கத்து ஊர் எழுப்புதல் கூட்டத்தில் ஒருவர் ஏழு முத்திரை, ஏழு எக்காளம், ஏழு கலசம் என்று துணியில் வரைந்த படத்தை விரித்து, 2000 பிறந்தால் உலகம் இருக்காது என்று கணக்குச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். "ஆண்டவரே வரப்போறாரு, கவாத்து யாருக்கு?" என்றார் பெரியப்பா. அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவர்தான் அறிவார் என்று மத்தேயு 24-ல் இருப்பதைச் சொல்லிப் பார்க்க அப்போது வீட்டில் யாருக்கும் தைரியம் இல்லை. பெரியம்மா கவாத்துக் கத்திக்கு எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றிப் பரணில் போட்டார்.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை. பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடித்தது. கரண்ட்கூடப் போகவில்லை. எல்லாருக்கும் கேக்கும் டீயும் கொடுத்தார்கள். பெரியப்பா மட்டும் டீயை ஆறவிட்டு, பனிக்குள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

வானம் விழவில்லை, பச்சைத் தேயிலை விலை விழுந்தது. அந்தச் சமயத்தில் நீலகிரியில் சிறு விவசாயம் செய்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. எங்கள் செடியோ நெஞ்சுக்கு மேல் வளர்ந்து, முத்தின இலையாக நின்றது. ஏஜென்ட் சாக்கை ஒரு கையால் கிளறிப் பார்த்துவிட்டு, எடை போடாமலே போய்விட்டார். அன்றைக்குக் குடும்ப ஜெபத்தில் பெரியம்மா, பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் 18 வாசித்தார். பாபிலோன் விழுகிறது, வியாபாரிகள் அழுகிறார்கள். நகரத்துக்காக அழவில்லை, தங்கள் சரக்கை இனி வாங்க ஆளில்லையே என்று அழுகிறார்கள். பிறகு சரக்குப் பட்டியல்: பொன், வெள்ளி, முத்து, பட்டு, தந்தம், லவங்கப்பட்டை, கோதுமை, ஆடு, மாடு... கடைசியில் மனுஷருடைய ஆத்துமாக்கள். அதை எழுதிய யோவான் பாபிலோன் என்றது ரோமாபுரியைத்தான் என்று படித்திருக்கிறேன். எனக்கு அதில் எங்கள் இலைச் சாக்குதான் தெரிகிறது. அந்தத் துணிப் படத்தில் மிருகம் இருந்தது, 666 இருந்தது, இந்தப் பட்டியலைக் காணோம்.

"இன்னொரு வாட்டி படி" என்றார் பெரியப்பா. அடுத்த வாரம் கத்தி பரணிலிருந்து இறங்கியது.

கேத்தியிலிருந்து:

அண்ணா, நான் 2009 நவம்பர். எங்கள் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை. மாவட்டத்தில் நாற்பது பேருக்கு மேல் போனார்கள். "மலைகள் தீவுகள் யாவும் தங்கள் இடங்களைவிட்டு அகன்றுபோயின" என்பதை ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்து பரிசு வாங்கியவள் நான். மலை அகலும்போது சத்தம் வரும் என்று யோசித்ததே இல்லை. லாரியில் ஜல்லி கொட்டுவது மாதிரி இருந்தது, ஆனால் நிற்கவில்லை. அம்மா ரேஷன் கார்டு, தம்பியின் ஸ்கூல் ஷூ, இட்லி மாவுத் தூக்கு மூன்றையும் எடுத்துக்கொண்டு ஓடினார். நகை பீரோவிலேயே இருந்தது. ஏன் மாவு என்று கேட்டால் இன்றைக்கும் அவருக்குப் பதில் தெரியாது. மறுநாள் முகாமில் இருபது பேருக்கு இட்லி ஆயிற்று.

"மலைகள் விலகினாலும்" என் கிருபை விலகாது என்ற ஏசாயா வசனம் எங்கள் வீட்டு வாக்குத்தத்தக் காலண்டரில் வருஷக்கணக்காகத் தொங்கியது. அதிலுள்ள அந்த 'உம்' இருக்கிறதே, அதை அதற்குப் பிறகுதான் படித்தேன்.

ஊட்டியிலிருந்து:

சின்னதாக ஒன்று. புனித ஸ்டீபன் ஆலயத்துக்குப் போகிறவர்கள் கண்ணாடிச் சன்னலைப் போட்டோ எடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். மேலே உத்தரத்தைப் பாருங்கள். 1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு, ஸ்ரீரங்கப்பட்டணத்து அரண்மனையிலிருந்து கொண்டுவந்த மரம். 1829-ல் கோயிலுக்கு அடிக்கல் போட்டவர்களின் ராஜ்யமும் இப்போது இல்லை. பின்னால் மேட்டில் அவர்கள் கல்லறைகள். ஒன்றில் பாசி ஏறிப் பெயர் போய்விட்டது, குழந்தையின் வயது மட்டும் தெரிகிறது.

கொடைக்கானலிலிருந்து:

நீங்கள் வெளிப்படுத்தின விசேஷம் என்பதை நாங்கள் கத்தோலிக்கர் திருவெளிப்பாடு என்போம். அப்பா அதைப் படித்ததாக நினைவில்லை. அவருடைய கணக்கே வேறு, பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கும் குறிஞ்சிதான். "அஞ்சு குறிஞ்சி பாத்துட்டேன்" என்பார். 2018-ல் பூத்ததுதான் அவருக்குக் கடைசி.

எங்கள் மலையில் தென்னை ஏது? குருத்தோலை ஞாயிறுக்கு ஓலை வத்தலக்குண்டிலிருந்து பஸ்ஸில் வரும். அப்பா அதில் சிலுவை பின்னி, மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார். அடுத்த வருஷம் சாம்பல் புதனுக்கு முன்னால் பழைய ஓலையை எல்லாம் கோயிலில் வாங்கி எரித்து, அந்தச் சாம்பலைத்தான் நெற்றியில் பூசுவார்கள். அப்பா கடைசியாகப் பின்னிய சிலுவையை இரண்டு வருஷம் நான் கொடுக்கவில்லை. கோயில் உபதேசியார் கேட்டபோது தொலைந்துவிட்டது என்று பொய் சொன்னேன். இந்த வருஷம் எடுத்துப் பார்த்தால் பூச்சி அரித்து, தொட்ட இடமெல்லாம் பொடியாக உதிர்ந்தது. மிச்சத்தை ஒரு கவரில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் கூடையில் தட்டினார். புதன்கிழமை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பையன் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனான்.